சேஸிஸ் மாறிய ஜீப்புக்கு ஆர்.சி. கிடைக்குமா?

கொழுக்குமலை தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் தாலுகாவைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லியில் ஜீப் பிடித்துத்தான் போக முடியும். தமிழ்நாட்டு மலைக்குக் கேரளப் பதிவெண் கொண்ட ஜீப்பில் ஏறிப் போகிற விநோதம் எல்லையோரத்தில் இருப்பவர்களுக்குப் பழகிவிட்டது. அதைப் போலவே பழகிவிட்ட இன்னொன்றும் உண்டு. மூணாறு, பூப்பாறை, நெடுங்கண்டம், குமுளி என்று கேரள மலைப்பகுதியான ஹைரேஞ்சிலும், இந்தப் பக்கம் போடி, கம்பம், கூடலூரிலும் ஓடுகிற பழைய ஜீப்புகளில் கம்பெனியிலிருந்து இறங்கிய கோலத்திலேயே இருப்பவை மிகக் குறைவு.

காரணம் எளிது. ஏலக்காட்டுப் பாதை எந்த வண்டியையும் விட்டுவைப்பதில்லை. முதலில் குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டை ஒடிகிறது. பிறகு அந்தப் பட்டையைத் தாங்கும் ஹேங்கரைச் சுற்றி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் விரிசல் விழுகிறது. தென்மேற்குப் பருவமழையில் சேஸிஸின் பின்பக்கக் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் துருப்பிடித்து உதிர்கிறது. வெல்டிங் வைத்து வைத்து ஒரு கட்டத்தில் வெல்டிங் பிடிக்க இரும்பே மிஞ்சுவதில்லை. எஞ்சின் கதையும் இதுதான். பழைய பெட்ரோல் ஜீப்பான வில்லிஸ் ஏறுவாள், ஆனால் குடித்துத் தீர்ப்பாள் என்பதால் டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். எம்.எம்.540 ஜீப்பில் வந்த பூஜோ டீசல் எஞ்சினுக்கு உதிரிபாகம் கிடைக்காமல் போனபோது மகிந்திராவின் டி.ஐ. எஞ்சினை வைத்தார்கள். பட்டறைக்காரர்களின் கைத்திறனைக் குறை சொல்ல எதுவுமில்லை. பல வண்டிகள் கம்பெனி வண்டியைவிட நன்றாகவே ஓடுகின்றன.

சிக்கல் வருவது ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்கும்போது. தனியார் வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதாவது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஜீப்பை மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால், நம் ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால், கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். அவர் கேட்கிற முதல் கேள்வி வண்டி ஓடுமா என்பதல்ல. இது எந்த வண்டி என்பது.

எந்த வண்டி என்பதைச் சட்டம் எப்படி முடிவு செய்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)-ஆம் பிரிவு மோட்டார் வாகனம் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. பாடி பொருத்தப்படாத சேஸிஸும் மோட்டார் வாகனமே என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. கரூரில் பஸ் பாடி கட்டும் கூடங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஓட்டுநர் இருக்கையும் ஸ்டீரிங்கும் மட்டும் மொட்டையாக நிற்கும் சேஸிஸ் அங்கே வந்து சேரும்போதே அது ஒரு வாகனம்; அதன்மேல் கட்டப்படுகிற பாடிதான் பிறகு சேர்வது. கதவு, கூரை, பானெட், மட்கார்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாலும் வண்டியின் அடையாளம் போகாது. சேஸிஸைக் கழற்றி எறிந்தால், பழைய வண்டியையே கழற்றி எறிந்ததாகத்தான் கணக்கு. பழைய பாடியும் பழைய எஞ்சினும் பழைய நம்பர் பிளேட்டும் வேறொரு சேஸிஸின்மேல் உட்கார்ந்தால், அது வேறொரு வண்டி அணிந்திருக்கும் பழைய சட்டை.

அதனால்தான் ஆய்வின்போது அந்தப் பென்சில் வேலை. ஜீப்பின் முன் சக்கரத்தை ஒட்டிய சேஸிஸ் பக்கத்தில் கிரீஸும் சேறும் அப்பியிருக்கும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எமரித்தாள் போட்டுத் தேய்த்தால் எண்கள் மெல்லத் தலைகாட்டும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண்கள் வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் பதியும். பதிவு விண்ணப்பமான படிவம் 20-இல் ஒட்டப்படுவது இந்தப் பிரதிதான். பழைய வண்டிகளில் ஓர் எழுத்து சாய்ந்திருக்கும், ஓர் எண் ஆழமாக விழுந்திருக்கும். அந்தக் கோணல்கூட அடையாளத்தின் பகுதி. எல்லா எண்களும் ஒரே நேர்கோட்டில், ஒரே ஆழத்தில், புத்தம்புதிதாகத் தெரிந்தால் அனுபவமுள்ள ஆய்வாளரின் புருவம் உயர்வது அதனால்தான்.

எஞ்சின் எண்ணோ சேஸிஸ் எண்ணோ ஆர்.சி.யில் உள்ளதிலிருந்து வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதை 55(5)-ஆம் பிரிவு சொல்கிறது: உரிமையாளருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்துவிட்டு, பதிவை ரத்து செய்ய வேண்டும். அபராதம் கட்டி முடித்துக்கொள்ளும் விஷயமாக இது எழுதப்படவில்லை.

எண்ணை மறுபடி அடித்துவிட்டால் போயிற்று என்று யோசனை சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பழைய சேஸிஸின் எண் உள்ள பகுதியை மட்டும் சாணளவு வெட்டி எடுத்து, வேறு சேஸிஸில் பொருத்தி வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து மறைப்பதும் நடக்கிறது. திருட்டு வாகனங்களுக்குப் புது ஜாதகம் எழுதுகிறவர்கள் கையாளும் அதே முறை என்பதால், நல்ல நோக்கத்தோடு தன் சொந்த ஜீப்புக்கு இதைச் செய்தவரும் அந்த வரிசையில்தான் நிற்க நேரும். தடய அறிவியல் கூடத்துக்குப் போனால் அராவி எடுத்த எண்ணும் பல நேரங்களில் திரும்ப வந்துவிடும். அச்சு விழும் இடத்தில் மேற்பரப்பு மட்டும் பள்ளமாவதில்லை. அடியிலுள்ள உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேற்பரப்பை அராவிய பிறகும் அந்த இறுக்கம் உள்ளே இருக்கிறது. அமிலக் கரைசலைத் தடவினால் இறுகிய பகுதியும் இறுகாத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படும்; மறைந்த எண் நிழல்போல மேலே வரும். துருப்பிடித்து உண்மையிலேயே எண் அழிந்துபோன வண்டிக்கு நேர்வழி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் அனுமதியோடு மறுபடி பொறிப்பதுதான். அலைச்சல் உண்டு. ஆனால் அந்த அலைச்சலுக்கு ஒரு கோப்பு இருக்கும், கேட்டால் காட்டலாம்.

இனி, வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52-ஆம் பிரிவு. எல்லையோர ஜீப்புகளின் தலையெழுத்தை இரண்டாகப் பிரித்த பிரிவு இது. 1988-இல் எழுதப்பட்டபோது அதன் கவலை ஆவணம் பற்றியது. ஆர்.சி.யில் உள்ள விவரமும் வண்டியும் பொருந்தாமல் போகும்படி மாற்றாதே, மாற்ற வேண்டுமானால் முன்கூட்டித் தெரிவித்து அனுமதி வாங்கு, வாங்கினால் ஆர்.சி.யில் திருத்தித் தருகிறோம் என்பதே சாரம். பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் எஞ்சின் வைத்து, அதை ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 முதல் நடப்புக்கு வந்தது. அதன்பின் கேள்வியே மாறிவிட்டது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றாகிவிட்டது. முன்பு ஏடு வண்டியோடு ஒத்துப்போனால் போதும். இப்போது வண்டி தன் பிறப்போடு ஒத்துப்போக வேண்டும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு டீசல் வில்லிஸ்களில் ஒன்றுக்கு ஆர்.சி. சுத்தமாகவும் மற்றதற்கு வில்லங்கமாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தத் தேதிதான் காரணம்.

திருத்தம் வந்த பிறகும் பல மாநிலங்களில் பழைய வழக்கம் தொடர்ந்தது. மாநில விதிகளில் மாற்றத்துக்கு இடமிருக்கிறதே என்ற வாதம் கேரளத்தில் உயர் நீதிமன்றம் வரை சென்று வெற்றியும் பெற்றது. மேல்முறையீட்டில் 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அதை மாற்றியது. விதிகள் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவை; உற்பத்தியாளரின் மூல விவரங்களுக்கு மாறான எந்த மாற்றத்தையும் பதிவு அதிகாரி அனுமதிக்க முடியாது என்றது தீர்ப்பு. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம் 182ஏ பிரிவை மாற்றி எழுதி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்றாக்கியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். டயர், பம்பர், எஞ்சின் என்று எண்ண ஆரம்பித்தால் சில ஜீப்புகள் தங்கள் விலையைவிட அதிக அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

அப்படியானால் எஞ்சின் மாற்றவே முடியாதா? முடியும். ஆனால் குறுகிய வாசல். அதே தயாரிப்பு, அதே வகை என்பதுதான் சட்டம் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல். இங்கேதான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். எம்.எம்.540-உம் மகிந்திரா, டி.ஐ. எஞ்சினும் மகிந்திரா, பிறகென்ன என்று கேட்கிறார்கள். தயாரிப்பு ஒன்று, வகை வேறு. பூஜோ டீசல் 2,112 சி.சி.; டி.ஐ. 2,523 சி.சி. ஆர்.சி.யில் கன அளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, எரிபொருளுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள சக்கர இடைவெளிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. எஞ்சின் எண் என்ற ஒரே கட்டம் மாறினால் அது பழுதுபார்ப்பு. கூடவே மற்றக் கட்டங்களும் மாறினால் அது மாற்றியமைப்பு. 80 அங்குல சக்கர இடைவெளி கொண்ட சிஜே-3பி ஜீப்பை நடுவில் வெட்டி நீட்டி, ஆள் ஏற்றுவதற்கு வசதியாக நீளமாக்கியவர்கள் சேஸிஸையே மாற்றாதபோதும் இந்த வலையில் விழுவது அதனால்தான்.

ஒரே வகை எஞ்சினை மாற்றுகிறவர் எஞ்சினை இறக்குவதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. வழக்கமாகக் கேட்பவை: எஞ்சின் வாங்கிய ஜி.எஸ்.டி. பில், நடப்பிலுள்ள காப்பீடு, புகைச் சான்று, கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம். பழைய எஞ்சின் என்றால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானதா, திருட்டுப் பட்டியலில் இல்லையா என்பவற்றுக்கும் சான்று வேண்டும். கழிவு வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் பேரம் பேசி, பில் இல்லாமல் வாங்கிய எஞ்சின் மலிவு போலத் தெரிவது கடை வாசல் வரைக்கும்தான். வேலை முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் புது எஞ்சின் எண்ணைத் தெரிவிக்க வேண்டும். பாலிசியில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அச்சாகியிருக்கின்றன. விபத்து நடந்தால் சர்வேயர் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அவற்றைத்தான்.

சேஸிஸ் விஷயத்தில் இந்தக் குறுகிய வாசலும் பெரும்பாலும் சாத்தியிருக்கிறது. உற்பத்தியில் இருக்கும் வண்டி விபத்தில் சேஸிஸ் வளைந்து நின்றால், உற்பத்தியாளரிடமே மாற்று சேஸிஸ் வாங்கி, அவர்கள் கடிதத்தோடும் பழையதை அழித்ததற்கான ஆதாரத்தோடும் ஆர்.டி.ஓ. அனுமதி கேட்க வழியிருக்கிறது. உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆன ஜீப்புக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்? எனவே எண் இருக்கும் மூல சேஸிஸை எப்படியாவது காப்பாற்றுவதே எங்கள் பகுதிப் பட்டறைகளில் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் வழி. துருவேறிய கிராஸ் மெம்பரை மாற்றலாம், ஹேங்கரைப் புதிதாகப் போடலாம், உள்ளே தகடு வைத்து வலுவூட்டலாம். எண் உள்ள நீளச்சட்டத்தில் கை வைக்கக் கூடாது. வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்வது பிற்பாடு பேச்சைக் குறைக்கும்.

பழைய அடையாளமே வேண்டாம், எல்லாம் புதிதாகச் சேர்த்த வண்டி என்று சொல்லிப் புதுப் பதிவு கேட்டால்? அதற்கு உற்பத்தியாளரின் விற்பனைச் சான்றான படிவம் 21-உம், சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22-உம் வேண்டும். உற்பத்தியாளர் அந்தச் சான்றைத் தருவதற்கு, மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி மாதிரி வண்டியைப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை நிறுவனத்திலோ, சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள சோதனை மையத்திலோ சோதித்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கப்போகும் ஒரு மாடலுக்கு இந்தச் செலவு தாங்கும். போடியில் ஒரு பட்டறைக்காரர் கட்டிய ஒரேயொரு ஜீப்புக்குத் தாங்காது. நம் நாட்டு முறை மாடலைச் சோதிக்கிறது. தனி ஒரு வண்டியை எடுத்து, இது பத்திரமானதா என்று சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு சாதாரண ஆளுக்கு எட்டும்படி இல்லை. பிரச்சினையின் வேர் இதுதான் என்பது என் கருத்து. கெடுபிடி அதிகம் என்று சொல்வதைவிட, நுழைவதற்கு வாசலே வைக்கவில்லை என்று சொல்வதே சரி.

வாசல் வைத்த நாடு எப்படி இருக்கும் என்பதற்கு பிரிட்டன் உதாரணம். பாகங்களை வாங்கி வீட்டுக் கொட்டகையில் கோத்துக்கொள்ளும் கிட் கார் அங்கே பழைய மரபு. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கினால் கொள்முதல் வரி மிச்சமாகும் என்பதே அது பரவ ஒரு காரணம். 1973-இல் வாட் வரி வந்து அந்தச் சலுகையை முடித்துவைத்தது. அங்கே அடியோடு மாற்றப்பட்ட வண்டிக்குப் பழைய பதிவெண் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்க அவர்கள் பல ஆண்டுகள் பயன்படுத்திய கணக்கு சுவையானது. மூல சேஸிஸுக்கு, அல்லது உற்பத்தியாளரிடமிருந்து வந்த புத்தம்புது சேஸிஸுக்கு, 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர் பாக்ஸ், ஸ்டீரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. மொத்தம் 14-இல் 8 தேறினால் பழைய எண் நிலைக்கும். எஞ்சினுக்கு ஒரே ஒரு புள்ளி என்பது நம் ஊர் ஜீப்காரர்களை வருத்தப்படவைக்கும். இங்கே எஞ்சினை வைத்துத்தானே வண்டிக்கு மரியாதை. 8 தேறாவிட்டாலோ, வேறு வண்டியின் பழைய சேஸிஸ் போட்டிருந்தாலோ, சேஸிஸை வெட்டி மாற்றியிருந்தாலோ, அந்தத் தனி வண்டியை ஆய்வு மையத்தில் சோதித்து, கியூ எழுத்தில் தொடங்கும் பதிவெண் கொடுப்பார்கள். வயது தெரியாத வண்டி என்று அந்த எழுத்தே ஊருக்குச் சொல்லிவிடும், விலை குறையும், ஆனால் சாலையில் ஓடும். 2025 ஆகஸ்டில் இந்த விதிகளை இன்னும் தளர்த்தி, மாற்றங்களைத் தெரிவித்துவிட்டுப் பழைய வண்டிகள் தங்கள் அடையாளத்தை வைத்துக்கொள்ள வழி செய்தார்கள்.

நம்மிடம் கிட் காருக்கு மிக நெருங்கி வருவது அரியானாவின் மண்டி டப்வாலி. ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளின் பாகங்களை வைத்து, கேட்கிற வடிவில் திறந்த ஜீப் கட்டித் தரும் ஊர் அது. படத்தைப் பார்த்து மயங்கி முன்பணம் அனுப்புகிறவர்கள் தெற்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கப்போவது ஜீப்பையா, ஏதோ ஒரு பழைய ஜீப்பின் ஆர்.சி.யையா என்று முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

ஐம்பது வயது தாண்டிய வில்லிஸ் வைத்திருப்பவர்கள் விண்டேஜ் பதிவில் தப்பிக்கலாம் என்று எண்ணுவதுண்டு. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுப் பதிவு கிடைக்கும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அது. தினசரி ஓட்டவும் கூடாது. ஏலக்காய் மூட்டை ஏற்றும் ஜீப்புக்கு இதனால் பயனில்லை.

எஸ்டேட்டுக்குள்ளேயே ஓட்டினால் யார் கேட்பார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை. பதிவில்லாத வண்டியைப் பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ ஓட்டக் கூடாது என்பதுதான் 39-ஆம் பிரிவின் வாசகம். வேறு எந்த இடத்திலோ என்ற சொற்களை எஸ்டேட் சுவர் மறைக்காது. கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகத் தினமும் தொழிலாளர்களை ஏற்றி வரும் ஜீப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆள் ஏற்றிய வண்டி கவிழ்ந்தால் ஆராய்ச்சி ஆர்.சி.யிலிருந்துதான் தொடங்கும்.

எல்லை தாண்டினால் தீர்ந்துவிடும் என்றும் சிலர் கணக்குப் போடுகிறார்கள். கேரளத்தில் கெடுபிடி, ஆகவே தேவிகுளத்து கே.எல். 68 வண்டியைத் தேனிக்குக் கொண்டுபோய் டி.என். 60 ஆக்கிவிடலாம் என்பது அந்தக் கணக்கு. 52-ஆம் பிரிவு நாடாளுமன்றம் இயற்றியது. மலையின் இரண்டு சரிவிலும் ஒன்றே. மாநிலம் மாற்ற, படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். புது மாநிலத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். அங்கேயும் ஒரு பென்சில் இருக்கும். மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் இரு மாநில ஏடுகளும் ஒரே இடத்தில் கிடைப்பதால், ஓரிடத்தில் சொன்னதை மறைத்து இன்னோரிடத்தில் வேறு சொல்வது முன்போல் எளிதல்ல.

2000-ஆம் ஆண்டுத் திருத்தமே திறந்துவைத்த ஒரு பக்கவாசலைச் சொல்லாமல் விட முடியாது. பேட்டரி, சி.என்.ஜி., எல்.பி.ஜி. போன்ற மாற்று எரிபொருளுக்கு வண்டியை மாற்ற, ஒப்புதல் பெற்ற கிட் பொருத்திக்கொள்ள அது இடம் தருகிறது. அதாவது பூஜோ எஞ்சினைக் கழற்றி டி.ஐ. வைப்பதைவிட, அதைக் கழற்றி மின்மோட்டார் வைப்பதற்குச் சட்டத்தில் தெளிவான வழி இருக்கிறது. கிட் அந்த மாடலுக்கென்று சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றதாகவும், பொருத்துகிறவர் அங்கீகாரம் பெற்றவராகவும் இருக்க வேண்டும். கொழுக்குமலை ஏற்றத்தில் அந்த பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பது வேறு பேச்சு.

பழைய ஜீப் வாங்கப்போகிறவர் பேரத்துக்கு முன்னால் ஆர்.சி.யில் எரிபொருள், கன அளவு, சக்கர இடைவெளி, இருக்கை எண்ணிக்கை ஆகிய நான்கையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் மாறியிருந்தால் அது ஆர்.சி.யில் எந்தத் தேதியில் ஏறியது என்று கேட்க வேண்டும். 2000 ஆகஸ்டுக்கு முந்தைய பதிவென்றால் அதன் ஆவணத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். சேஸிஸ் எண்ணைத் தானே துடைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தடிப்பாக இருந்தாலோ, சுற்றிலும் வெல்டிங் தழும்பு கையில் தட்டுப்பட்டாலோ, விற்பவர் எவ்வளவு இறங்கி வந்தாலும் சரி, முன்பணம் கொடுக்கக் கூடாது. புதுப்பிப்புக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்: காருக்கும் ஜீப்புக்கும் முன்பு 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது.